கட்டங்களுக்குள் வடிவியல்

'வில்லுக்கும் வட்டத்துக்கும் பொதுவான வெட்கம்.' இரண்டு எழுத்து. குறுக்கெழுத்துப் புதிரில் இப்படி ஒரு குறிப்பு வந்தால், தமிழ்வழியில் கணக்குப் படித்தவருக்கு விடை சட்டென்று தோன்றிவிடும்: நாண். வில்லில் பூட்டுவது நாண். வட்டத்தின் மீதுள்ள இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டும் நாண். நாணம் என்று நாம் நீட்டிச் சொல்லும் வெட்கமும் நாண்தான். ஆங்கிலவழியில் படித்தவர் வில்லையும் வெட்கத்தையும் வைத்தே விடையை எட்டிவிடக்கூடும். ஆனால், அதில் வட்டம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குப் புரியாமலே போகும். ஒரு மொழியின் பொதுச் சொற்களஞ்சியம் எங்கே விரிசல் கண்டிருக்கிறது என்பதைக் காட்ட இரண்டு கட்டங்கள் போதுமானவையாக இருக்கின்றன.

குறுக்கெழுத்துப் புதிரே வடிவியலில் பிறந்ததுதான். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட முதல் புதிர், சாய்த்து நிறுத்திய சதுரமாக, நடுவில் வெற்றிடத்துடன் இருந்தது. இன்று ஆங்கில நாளிதழ்களில் வரும் கட்டம் பெரும்பாலும் பக்கத்துக்குப் பதினைந்தாக, 225 சிறு சதுரங்கள் கொண்டது. அதை அரைச்சுற்றுத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்கும். நடுக்கட்டம் வெள்ளையாக இருந்தால் கறுப்புக் கட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். திருப்பும்போது ஒவ்வொரு கறுப்புக்கும் ஓர் இணை வேண்டும் அல்லவா? புதிரைத் தொடாமலே இதைச் சொல்லிவிடலாம்.

நம் இதழ்களின் குறுக்கெழுத்துகள் இந்தச் சமச்சீரைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அவற்றின் குறிப்புகளில் திரைப்படப் பெயர்களும் புராணப் பாத்திரங்களும் நதிகளும்தான் மிகுதி. அவற்றில் தவறில்லை. ஆனால், கணக்குப் புத்தகம் என்ற பெருஞ்சுரங்கம் நம் புதிர் ஆசிரியர்களின் கண்ணில் அதிகம் படவில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஏனெனில், தமிழின் வடிவியல் கலைச்சொற்களில் பல, வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் போர்க்களத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் வெளியே இன்னொரு வாழ்க்கை உண்டு. புதிர்க் குறிப்புக்கு வேண்டியது அந்த இரட்டை வாழ்க்கைதான்.

'கூரையைத் தாங்கும், வட்டத்தைப் பிளக்கும்' என்றால் விட்டம். ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்த மரம், வட்டத்தின் மையம் வழியே ஓரத்துக்கு ஓரம் செல்லும் கோட்டுக்குப் பெயரானது. வேலையில்லாதவன் 'விட்டத்தைப் பார்த்தபடி' படுத்திருந்ததாக எழுதாத சிறுகதை ஆசிரியர் அரிது. 'கழுத்தில் தொங்கும், மையத்தில் தொடங்கும்' என்றால் ஆரம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மாலை என்ற பொருளில் வரும் ஆரமும் வட்டத்தின் ஆரமும் ஒரே சொல்லின் இரு பொருள்கள் அல்ல. வடிவம் ஒன்றாகிப்போன இரு சொற்கள். வட்டத்துக்குரியது சக்கரத்தின் ஆரக்காலோடு உறவுடையது. ஆங்கிலத்தின் 'ரேடியஸ்' என்பதற்கும் மூலமான லத்தீனில் ஆரக்கால் என்ற பொருள் உண்டு. சக்கரத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பரிதி என்றால் வட்டத்தின் சுற்று. பரிதி என்றால் சூரியனும்கூட. சூரியநாராயண சாஸ்திரி தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டபோது சூரியனைப் பரிதியாக்கிப் பரிதிமாற்கலைஞர் ஆனார். கதிர் என்பது ஒரு புள்ளியில் தொடங்கி ஒரு திசையில் முடிவின்றிச் செல்லும் கோடு. நெற்பயிரின் தலையும் அதுவே. உச்சி என்றால் முக்கோணத்தின் முனை, மலையின் முடி, நண்பகல், வகிடு எடுக்கும் இடம். அச்சு சுழற்சிக்கும் உண்டு, அச்சகத்துக்கும் உண்டு. தளம் கணிதத்திலும் மாடி வீட்டிலும் இருக்கிறது; இப்போது இணையத்திலும் இருக்கிறது. புள்ளியைக் கேட்கவே வேண்டாம். கோலத்தில் வரிசையாக வைக்கப்படுவது, அரசியலில் 'முக்கியப் புள்ளி'யாக வலம் வருவது, யூக்ளிடின் நூலிலோ பகுதியே இல்லாதது.

கர்ணம் என்ற சொல் தனியே நின்று பார்க்கத்தக்கது. செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் அது. வடமொழியில் காது என்ற பொருளும் அதற்கு உண்டு. ஊர்க் கணக்கு எழுதியவரும் ஒரு காலத்தில் கர்ணம்தான். 1980-இல் தமிழக அரசு பழைய கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தபோது அந்தக் கர்ணமும் வழக்கிலிருந்து விடைபெற்றார். குட்டிக்கர்ணம் மட்டும் குழந்தைகளிடம் மிஞ்சியிருக்கிறது. 'முக்கோணத்தில் நீளமானவர், கிராமத்தில் கணக்கெழுதியவர்' என்று குறிப்பு எழுதினால், அறுபது வயதுக்காரருக்கு இரண்டாம் பாதி எளிது; பதினைந்து வயதுத் தமிழ்வழி மாணவருக்கு முதல் பாதி எளிது. இருவரும் ஒரு திண்ணையில் அமர்ந்தால் விடை கிடைக்கும். இழப்பு ஒரு பக்கமாக மட்டும் நிகழவில்லை என்பதை இது காட்டுகிறது. ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கு விட்டம் என்ற கணக்குச் சொல் தெரியாது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். கான்கிரீட் கூரையின் கீழே பிறந்த தமிழ்வழிப் பிள்ளைக்கு விட்டம் என்ற மரம் தெரியாது என்பதையும் சேர்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

சொற்களைப் பிரித்தும் குறிப்பு அமைக்கலாம். இணைகரம் என்பதில் இணையும் இருக்கிறது, கரமும் இருக்கிறது. 'கூப்பிய கையில் எதிர்ப்பக்கங்கள் இணை' என்று எழுதலாம். திருமாலின் கைகளை எண்ணினால் நாற்கரம் வந்துவிடும். 'ஆரம்பத்திலேயே இருக்கிறது விட்டத்தில் பாதி' என்ற குறிப்புக்கு விடை அதன் முதற்சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. 'காவிரிக் கரை ஊரில் குடத்தை எடுத்துவிட்டால் பாகையால் அளக்கலாம்' என்றால், கும்பகோணத்திலிருந்து கும்பத்தை நீக்கிக் கோணத்தை வைத்துக்கொள்ள வேண்டும். 'வாசலில் மாவால் போட்டால் தட்டை, ஓரெழுத்து மாறினால் உருண்டை' என்பதில் கோலம் கோளமாகிறது. லகர ளகர வேறுபாட்டை வகுப்பில் பத்து முறை சொல்வதைவிட இந்த ஒரு குறிப்பு நன்றாகப் பதியவைக்கும்.

ஆங்கிலப் புதிர்க்காரர்களுக்குக் கைவந்த எழுத்துக் கலைப்பு மட்டும் தமிழில் அத்தனை எளிதன்று. 'டிரையாங்கிள்' என்ற ஆங்கிலச் சொல்லின் எட்டு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'இன்டெக்ரல்' வரும், 'ரிலேட்டிங்' வரும், 'ஆல்டரிங்' வரும், 'அலர்ட்டிங்'கும் வரும். அங்கே உயிர் தனியே, மெய் தனியே நிற்பதால் இது முடிகிறது. தமிழில் உயிரும் மெய்யும் ஒட்டிப் பிறந்தவை. முக்கோணத்தை எப்படிக் கலைத்தாலும் 'கோ' என்பது 'கோ'வாகவே இருக்கும்.

இந்த ஒட்டுதல்தான் தமிழ்க் குறுக்கெழுத்தின் மற்ற எல்லா இயல்புகளையும் முடிவுசெய்கிறது. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் 26 எழுத்துகளில் ஒன்று வரும். நமக்கு உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247. 'கோணம்' என்று குறுக்கே எழுதிவிட்டால், அதன் முதற்கட்டத்தில் கீழிறங்கும் சொல்லுக்கும் 'கோ' வேண்டும். வெறும் ஓகாரமோ வெறும் ககரமோ போதாது. கடைசிக் கட்டத்தில் இன்னொரு சிக்கல். வடிவியல் சொற்களில் எத்தனை மகர மெய்யில் முடிகின்றன என்று பாருங்கள்: வட்டம், சதுரம், கோணம், ஆரம், தளம், கோளம், செவ்வகம். தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியம் முதலே உள்ள விதி. எனவே, 'கோணம்' முடியும் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லும் புறப்பட முடியாது. ஆனால், கீழிருந்து மேலேறி வரும் 'விட்டம்' அங்கே வந்து முடியலாம். தமிழ் இதழ்களின் புதிர்களில் 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்ற தலைப்புகளும் இருப்பதை ஆங்கிலப் புதிர்க்காரர்கள் ஒழுங்கின்மையாகக் கருதுவதுண்டு. மொழிமுதல் எழுத்துகள் பற்றிய இலக்கணம் கட்டத்தின் மீது செலுத்தும் வலுவான அழுத்தமாகவே எனக்கு அது படுகிறது.

விடை காண்பவர் பக்கமிருந்து பார்த்தால், மகர மெய்யில் முடியும் இந்தப் பெருங்கூட்டம் ஒரு கண்ணி. நான்கு கட்டங்களில் பின் மூன்றும் 'ட்டம்' என்று நிரம்பிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பாதி வேலை முடிந்தது என்று நிம்மதி அடைவோம். ஆனால் வட்டம், விட்டம், பட்டம் மூன்றும் அங்கே பொருந்தும்; மூன்றும் வடிவியல் சொற்கள். அடுத்தடுத்த இரு பக்கங்கள் சமமாக உள்ள இரண்டு இணைகளைக் கொண்ட நாற்கரத்துக்குப் பள்ளிப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் பட்டம். அது வானத்திலும் பறக்கும், பட்டமளிப்பு விழாவிலும் கிடைக்கும். ஆங்கிலத்தில் 'டிகிரி' என்ற ஒரே சொல் கோணத்தையும் பல்கலைக்கழகத்தையும் இணைக்கிறது. தமிழில் அது பாகை என்றும் பட்டம் என்றும் பிரிந்துவிட்டது. பதிலுக்கு நமக்குக் காற்றாடியும் கல்வித் தகுதியும் ஒரே சொல்லில் கிடைத்திருக்கின்றன. ஆங்கிலக் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ்ப் புதிர் செய்ய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னும் கடினமான கண்ணி நாற்கரங்களில் இருக்கிறது. நாற்கரம், இணைகரம், செவ்வகம், சரிவகம் நான்குமே ஐந்தெழுத்துச் சொற்கள். முதல் இரண்டும் 'கரம்' என்று முடியும். அடுத்த இரண்டும் 'வகம்' என்று முடியும். எனவே, குறுக்கே வெட்டும் எழுத்து பின் மூன்று கட்டங்களில் மட்டும் கிடைத்தால் ஐயம் தீராது. முதல் இரண்டு கட்டங்களில் ஏதேனும் ஒன்று கையில் கிடைக்கும்வரை பேனாவை எடுக்காமல் பென்சிலால் எழுதுவதே நல்லது. கும்பகோணமும் குறுங்கோணமும் இதைவிடக் குறும்பானவை. இரண்டுக்கும் ஆறெழுத்து, முதலெழுத்தும் கடைசி மூன்றெழுத்தும் ஒன்றே.

அதே நாற்கரங்கள் புதிர் ஆசிரியரையும் சோதிக்கும். 'எதிர்ப்பக்கங்கள் இணையான வடிவம், 5 எழுத்து' என்று அவர் எழுதுகிறார். மனத்தில் இருப்பது இணைகரம். வாசகர் செவ்வகம் என்று எழுதுகிறார். அதுவும் சரிதான். ஒவ்வொரு செவ்வகமும் ஓர் இணைகரம். 'நான்கு பக்கங்களும் சமம்' என்ற குறிப்பு சதுரத்துக்கும் பொருந்தும், சாய்சதுரத்துக்கும் பொருந்தும். அங்கே நான்கு, ஆறு என்ற எழுத்தெண்ணிக்கை காப்பாற்றுகிறது. இணைகரத்துக்கும் செவ்வகத்துக்கும் அந்தப் பாதுகாப்பும் இல்லை. நதிப் பெயருக்கோ நடிகர் பெயருக்கோ குறிப்பு எழுதும்போது சிறிது தளர்வாக இருந்துவிடலாம். வடிவியலில் வரையறை தளர்ந்தால் அந்த நொடியே இரண்டாவது விடை உள்ளே நுழைந்துவிடும். 'எல்லாக் கோணமும் செங்கோணமாக வேண்டிய கட்டாயமில்லை' என்று ஒரு சிறு திருத்தம் சேர்த்தால் இணைகரம் தனித்து நிற்கும். வகுப்பறையில் வரையறையை ஒப்பிக்கச் சொல்லும் ஆசிரியர்கள், பிழையான குறிப்பைக் கொடுத்து அதற்கு எத்தனை விடைகள் பொருந்தும் என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் வரையறையின் அருமையை அப்போது தாமே கண்டுகொள்வார்கள்.

இதுவரை சொன்ன எழுத்தெண்ணிக்கை எல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கு. பாக் நீரிணையைக் கடந்தால் கட்டமே மாறிவிடும். நாம் முக்கோணம் என்பதை இலங்கைப் பாடநூல்கள் முக்கோணி என்கின்றன. நமக்கு ஆரம், அவர்களுக்கு ஆரை. நமக்குத் தொடுகோடு, அவர்களுக்குத் தொடலி. நாற்கரம் அங்கே நாற்பக்கல்; குறுங்கோணம் அங்கே கூர்ங்கோணம்; நான்கெழுத்துக் கர்ணம் அங்கே ஆறெழுத்துச் செம்பக்கம். வடிவியல் என்ற பாடத்தின் பெயரே அங்கே கேத்திர கணிதம். கேத்திரம் என்றால் நிலம். கிரேக்கச் சொல்லான 'ஜியோமெட்ரி'யின் பொருளும் நிலத்தை அளப்பது என்பதால், மூலத்துக்கு நெருக்கமான சொல் அவர்களிடம்தான் இருக்கிறது. கூர்ங்கோணம் என்பதும் நம் குறுங்கோணத்தைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து. 90 பாகைக்குக் குறைந்த கோணம் கூராக இருப்பதைக் கண்ணால் காண முடிகிறது. 'குறு' என்பது அளவை மட்டும் சொல்கிறது.

தாளில் அச்சிட்ட காலத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் இடையூறாக இல்லை. இன்று ஒரே புதிரைச் சென்னையில் ஒருவரும் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் டொரன்டோவில் ஒருவரும் கைப்பேசியில் திறக்க முடியும். 'செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம்' என்ற குறிப்பு அங்கே பாதி வாசகர்களை வெளியே நிறுத்திவிடும். 'இலங்கையில்' என்று ஒரு சொல்லைக் குறிப்பில் சேர்ப்பது பெரிய செலவன்று. எதிர்ப்புறம் நின்று சேர்த்தால் 'தமிழ்நாட்டில்' என்றும் வரலாம்.

கலைச்சொற்கள் இப்படி இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம், அவை இரண்டு இடங்களில் தனித்தனியே உருவாக்கப்பட்டதுதான். இங்கே 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். பின்னர் பல குழுக்கள் அந்தப் பணியைத் தொடர்ந்தன. அங்கே அரசகரும மொழித் திணைக்களம் தனக்கென்று சொற்றொகுதிகளை வெளியிட்டது. இவை எதுவும் இல்லாத காலத்திலும் தமிழர் வட்டத்தை அளந்தார்கள். கணக்கதிகாரம் என்ற பழைய கணித நூல், பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு கிடைக்கும் என்ற சரியான விதியைச் செய்யுளில் சொல்கிறது. அதில் வட்டம் என்ற சொல் சுற்றளவைக் குறிக்கிறது. பரப்பு குழி என்று அழைக்கப்படுகிறது. பழைய புலவர் ஒருவர் இன்று குறுக்கெழுத்துக் கட்டத்தின் முன் அமர்ந்தால், 'நிலத்தின் பரப்பு' என்ற குறிப்புக்கு இரண்டே கட்டங்களை நிரப்பிவிட்டு எழுந்துவிடுவார்.

வில்லும் நாணும் தமிழில் மட்டும் வட்டத்துக்குள் வந்தவை அல்ல. வடமொழிக் கணிதத்திலும் வட்டத்தின் வளைந்த துண்டு வில்தான், அதன் முனைகளை இணைப்பது நாண் எனப் பொருள்படும் 'ஜ்யா'தான். ஆர்யபடர் 499-இல் எழுதிய ஆர்யபடீயத்தில் அரை நாண்களின் அளவுகள் உள்ளன. ஜ்யாவின் மற்றொரு வடிவமான ஜீவா, அரபுக்குச் சென்றபோது 'ஜீபா' என்று ஒலிபெயர்க்கப்பட்டது. அரபியில் குறில் உயிர்களை எழுதாமல் விடுவது வழக்கம். ஜீபா என்று தனியே ஒரு சொல் அரபியில் இல்லாததால், பிறகு படித்தவர்கள் அதே எழுத்துகளை 'ஜைப்' என்று படித்தார்கள். அது ஆடையின் மடிப்பையும் மார்பையும் வளைகுடாவையும் குறிக்கும் அரபுச் சொல். 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் அதே பொருளுடைய 'சைனஸ்' என்ற சொல்லை இட்டார்கள். அதுதான் இன்று பத்தாம் வகுப்பு மாணவர் எழுதும் 'சைன்'.

விடுபட்ட எழுத்துகளைத் தவறாக நிரப்பியதால் வந்த விடை அது. கட்டத்துக்குள் பொருந்தியது, பொருளும் தந்தது, ஆகவே எவரும் அழிக்கவில்லை. நாண் என்ற சொல்லை வட்டத்துக்காக ஏற்கெனவே வைத்திருந்த தமிழுக்கு, அந்த நாணே பாக்தாத் வழியாகவும் ஐரோப்பா வழியாகவும் சுற்றிக்கொண்டு சைன் என்ற அந்நியனாக வந்து சேர்ந்தது. முக்கோணவியல் பாடத்தை நடத்தும் ஆசிரியர் இந்தக் கதையைச் சொல்ல மூன்று நிமிடம் போதும்.

இக்கால எழுத்துச் சிக்கல் கணினியில் இருக்கிறது. தமிழ்க் குறுக்கெழுத்துகளைச் செயலிகளில் கொண்டுவர முயல்பவர்கள், ஆங்கிலத்துக்கென எழுதிய நிரலை அப்படியே பயன்படுத்தினால் கட்டம் சிதறிவிடும். ஒருங்குறியில் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். 'ம்' என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு. நம் கண்ணுக்கு மூன்றெழுத்தான கோணம் கணினிக்கு ஐந்து. ஐந்தெழுத்தான செங்கோணம் ஒன்பது. நிரலாளர் எழுத்தை எண்ணாமல் குறியீட்டை எண்ணினால், துணைக்காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் கட்டம் கொடுத்துவிடுவார். குறியீடுகளை எழுத்துகளாகத் தொகுத்து எண்ணும் வழி எல்லா முக்கிய நிரல் மொழிகளிலும் கிடைக்கிறது. தமிழ் எழுத்து என்றால் என்ன என்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பவருக்கு அது பெரிய வேலையும் அன்று.

பாடநூல் எழுதுபவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கணக்குப் புத்தகங்களில் கலைச்சொற்களுக்கு ஆங்கில நிகர் தரும் பட்டியல் உண்டு. விட்டம், நாண், ஆரம், பரிதி, கர்ணம் ஆகியவற்றுக்கு எதிரே அன்றாடத் தமிழில் அவற்றுக்குள்ள பொருளையும், இலங்கைத் தமிழில் வழங்கும் சொல்லையும் இன்னும் இரண்டு நிரல்களாகச் சேர்த்தால், பட்டியல் ஒரு பக்கம் கூடும். அந்தப் பக்கத்தை வைத்தே மாணவர்கள் தங்களுக்குள் ஒரு குறுக்கெழுத்தை அமைத்துக்கொள்ளலாம். கட்டம் வரைய அளவுகோல் அவர்கள் வடிவியல் பெட்டியிலேயே இருக்கிறது.